பிரஷர் மாத்திரைக்கும் பால் டம்ளருக்கும் என்ன பகை?

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த கணக்கு ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 51. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. சென்ற ஆண்டு பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் 168/102 என்று வந்தது. டாக்டர் ஆம்லோடிபின் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் 150-ஐ விட்டு இறங்கவில்லை என்பதால் மூன்று மாதத்துக்கு முன் அதை 10 ஆக்கினார். பிரஷர் இறங்கியது, கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் சரியாக இருக்கும் செருப்பு சாயங்காலம் பிடிக்கிறது. “கால் வீங்கினால் கிட்னிதான்” என்று சக ஆசிரியை ஒருவர் பயமுறுத்தி, தன் வீட்டில் இருந்த தண்ணி மாத்திரையையும் கொடுத்திருக்கிறார். நான்கு நாள் போட்டதில் பாத்ரூமுக்கு நடந்ததுதான் மிச்சம், வீக்கம் அப்படியே இருக்கிறது என்கிறார்.

அதற்குள் மாத்திரையின் பெயரைப் போட்டு செல்போனில் தேடியிருக்கிறார். ‘கால்சியம் சேனல் பிளாக்கர்’ என்று வந்திருக்கிறது. கால்சியத்தைத் தடுக்க ஒரு மாத்திரை, எலும்புக்கென்று கால்சியம் ஏற்ற இன்னொரு மாத்திரை, இது என்ன கூத்து என்று எலும்பு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். பாலும் கேப்பைக் கூழும் கூடவே நின்றுவிட்டன. பிறகு மூன்று நாள் பிரஷர் மாத்திரையையே போடாமல் இருந்து, வீட்டுக் கருவியில் பார்த்தார். 138/86. “மாத்திரை இல்லாமலே இவ்வளவுதான் என்றால் எனக்கு நோயே இல்லையோ?” என்பது அவர் கேள்வி. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார்.

ரத்தக் குழாயின் உள்சுவரைப் புதுப்பிக்கும் என்று சொல்லி விற்ற பொடி ஒன்றை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். சமையலில் இந்துப்புக்கு மாறிவிட்டார். கணவர் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிப்பவர். கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு மாதிரி ஒரு வரி: “மகள் ஆறு மாதம் கர்ப்பம். அவளுக்கும் கால்சியம் மாத்திரை கொடுக்கிறார்கள். பிரஷர் ஏறிவிடும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.”

டீச்சர், அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இதைப் படித்த கையோடு மகளுக்குப் போன் போடுங்கள். நிறுத்திய கால்சியம் மாத்திரையைப் பற்றி அவளைப் பார்க்கும் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி, மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் கால்சியம் கொடுப்பது பிரஷர் ஏறாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான். உணவில் கால்சியம் குறைவாகக் கிடைக்கும் நாடுகளில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1.5 முதல் 2 கிராம் கால்சியம் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணமே, கர்ப்பத்தில் வரும் ஆபத்தான ரத்தக் கொதிப்பை அது குறைக்கிறது என்பதுதான். நம் அரசுத் திட்டத்தில் நான்காவது மாதத்திலிருந்து 500 மி.கி. மாத்திரை நாளைக்கு இரண்டு. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அவளுக்குத் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் வீக்கம் என்று ஏதாவது இருந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

சரி, இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

நீங்கள் செய்த எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றே ஒன்று: மாத்திரையின் பெயர். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அது கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை இல்லை. கால்சியம் நுழையும் ஒரு குறிப்பிட்ட வாசலைத் தடுக்கும் மாத்திரை.

ரத்த அழுத்தத்தை நிர்ணயிப்பதில் பெரிய பங்கு பெரிய குழாய்களுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சன்னமான சிறு தமனிகளுக்குத்தான். அவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை சுற்றியிருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையின் கயிறு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், விட்டால் விரியும். நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கு: ஒரு குழாய் காட்டும் எதிர்ப்பு அதன் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பத்து சதவீதம் குறைந்தால் 0.9-இன் நான்காம் படி, அதாவது 0.656. தலைகீழாக்கினால் 1.52. பத்துக்கு ஒரு பங்கு சுருங்கினதற்கு எதிர்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கயிற்றின் இழுப்பு அவ்வளவு முக்கியம்.

கயிற்றை இழுப்பது கால்சியம். தசைச் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. செல்லின் சவ்வில் உள்ள வாசல் ஒரு நொடியின் சிறு துளிக்குத் திறந்தாலும் கால்சியம் உள்ளே பாய்ந்துவிடும், தசை இறுகும். ஆம்லோடிபின் அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாசல் திறப்பது குறைகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. மாத்திரையின் வேலை அவ்வளவுதான்.

கால்சியத்துக்கும் தசைக்கும் உள்ள உறவு தெரியவந்ததே ஒரு தற்செயல். 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் வெட்டியெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கரைசல் கலக்கியிருக்கிறார் என்று. சுத்தமான நீரில் திரும்பச் செய்தபோது இதயம் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதை ஓட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு எண்பது வருடம் கழித்து, 1960-களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன், சில மருந்துகள் இதயத் தசையில் செய்யும் மாற்றம் கால்சியத்தை எடுத்துவிட்டது போலவே இருப்பதைக் கவனித்தார். உங்கள் மாத்திரையின் குடும்பப் பெயர் அங்கிருந்து வந்தது.

பாலும் கேப்பையும்

அப்படியானால் பால் குடித்தால் வாசலில் இன்னும் கூட்டம் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. வெளியே ஏற்கெனவே பத்தாயிரம் மடங்கு நிற்கிறது. ஒரு டம்ளர் பால் அதில் ஒரு மாற்றமும் செய்யாது. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மி.கி. என்ற குறுகிய எல்லைக்குள்தான் இருக்கும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அதை இம்மி பிசகாமல் காவல் காக்கின்றன. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் குறையவிடாது. எங்கிருந்து எடுக்கும்? உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. அங்கிருந்து உருவும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உணவில் கால்சியம் குறையும்போது அந்தச் சுரப்பியின் ஹார்மோன் கூடுகிறது. அது கூடும்போது ரத்தக் குழாய்த் தசைச் செல்லுக்குள் கால்சியம் சேர்வதும் கூடுகிறது. பாலை நிறுத்தினால் பிரஷர் இறங்கும் என்று நினைத்தீர்கள். உடம்பு கொஞ்சம் எதிர்ப்பக்கமாகத்தான் போகும். மகள் விஷயத்தில் மேலே சொன்னதன் பின்னணியும் இதுவே.

‘கால்சியம் இந்த மாத்திரைக்கு எதிரி’ என்ற பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது இந்த மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கி மயங்கி வந்தால், அவசரப் பிரிவில் கால்சியம் ஊசியை நரம்பில் நேராக ஏற்றுவோம். அது சில நிமிடங்களில் ரத்தக் கால்சியத்தையே உயர்த்தும் அவசரச் சிகிச்சை. வாய்வழி எடுக்கும் கேப்பைக் கூழுக்கு அந்தச் சக்தி கிடையாது.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240. நீங்கள் நிறுத்தியது உங்கள் சாப்பாட்டில் இருந்த இரண்டு பெரிய ஊற்றுகளை. இரண்டையும் திரும்ப ஆரம்பியுங்கள். எலும்பு டாக்டரின் மாத்திரையையும் அவர் சொன்ன அளவில் தொடருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பிரஷருக்காக தயசைட் வகைத் தண்ணி மாத்திரை பின்னால் சேர்க்கப்பட்டால், கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுப்பதை அந்த டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மூன்றும் சேர்ந்தால் சிலருக்கு ரத்தக் கால்சியம் ஏறும்.

சாயங்காலம் இறுக்கும் செருப்பு

உங்கள் கால் வீக்கம் பெரும்பாலும் மாத்திரையால் வந்ததுதான், கிட்னியால் அல்ல. மூன்று காரணத்தால் அப்படி நினைக்கிறேன். 5-லிருந்து 10 ஆக்கிய பிறகு வந்திருக்கிறது. இரண்டு காலிலும் இருக்கிறது. காலையில் வடிந்து சாயங்காலம் கூடுகிறது. 10 மி.கி. எடுப்பவர்களில் பத்துக்கு ஒருவருக்கு இது வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நிற்பவருக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஏன் வருகிறது என்பதைக் கேட்டால் தண்ணி மாத்திரை ஏன் தோற்றது என்பதும் புரியும். ஆம்லோடிபின் தமனிப் பக்கத்துக் கயிற்றைத் தளர்த்துகிறது. சிரைப் பக்கத்தை அப்படித் தளர்த்துவதில்லை. உள்ளே வரும் மடையை அகலத் திறந்துவிட்டு, வெளியேறும் மடையைப் பழைய அளவிலேயே வைத்தால் வயலில் என்ன ஆகும்? வரப்பு கசியும். நடுவில் இருக்கும் தந்துகிகளில் அழுத்தம் ஏறி, நீர் திசுவுக்குள் கசிகிறது. உடம்பில் நீர் மொத்தமாகக் கூடிவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூடாத நீரை வெளியேற்ற மாத்திரை போட்டால் பொட்டாசியமும் சோடியமும் வீணாகப் போகும், தலை சுற்றும். அடுத்தவர் அட்டையிலிருந்து மாத்திரை வாங்குவதை, தயவுசெய்து, இத்தோடு விட்டுவிடுங்கள்.

இதற்குச் சரியான வழி வெளியேறும் மடையையும் திறப்பது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மருந்துகள் சிரைப் பக்கத்தையும் விரிக்கின்றன. ஆம்லோடிபினை மறுபடி 5-க்குக் குறைத்து இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் பலருக்கு வீக்கம் வடிந்துவிடும். பிரஷரும் இன்னும் நன்றாக இறங்கும். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதால் கூடுதலாகக் கிடைக்கும் பலனைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பதால் கிடைப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு. சில்னிடிபின் என்று இன்னொரு மருந்தும் இருக்கிறது. அது வேறொரு வகைக் கால்சியம் வாசலையும் சேர்த்துத் தடுப்பதால் கால் வீக்கம் குறைவு. இவற்றில் எது உங்களுக்கு என்பதை உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடிதத்தில் நான் மாத்திரை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

கிட்னி பயம் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை ஊகத்தில் வைத்திருக்க வேண்டாம். சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டாவது மருந்து சேர்ப்பதற்கும் இந்த எண்கள் வேண்டும், சேர்த்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்காலில் வலியும், காலையில் எழும்போது முகம் ஊதியிருப்பது, சிறுநீரில் வடியாத நுரை, படுத்தால் மூச்சு முட்டுவது: இவற்றில் எது வந்தாலும் அது மாத்திரை வீக்கம் என்று சும்மா இருக்காதீர்கள், அன்றே போய்க் காட்டுங்கள்.

ஈறு தடிக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இந்த மருந்தில் அதுவும் சிலருக்கு உண்டு, பல் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்வதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

மூன்று நாள் நிறுத்திப் பார்த்த கணக்கு

இதுவும் கணக்குதான், டீச்சர். ஆம்லோடிபினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், 30 முதல் 50 மணி. நடுவாக 40 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் என்பது 72 மணி. அப்போதும் கால் பங்குக்கு மேல் மருந்து ரத்தத்தில் இருக்கும். நீங்கள் அளந்த 138/86, மாத்திரை இல்லாத பிரஷர் அல்ல. மாத்திரையின் மிச்சத்தில் ஓடிய பிரஷர். ஒரு வாரம் பத்து நாள் நிறுத்திப் பார்த்திருந்தால் பழைய 168 எட்டிப் பார்த்திருக்கும். அதற்காக அப்படிச் செய்து பார்த்துவிடாதீர்கள்.

இதே நீண்ட ஆயுளில் ஒரு சௌகரியமும் இருக்கிறது: ஒருநாள் மறந்தால் குடி முழுகிவிடாது. அதை நம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது வேறு. அப்படிப் போட்டால் உங்களுக்குப் பாதி அளவு கிடைக்கிறது, அதுவும் ஏறி இறங்கி. அளவைக் குறைக்க வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு 5-ஐத் தினமும் போடுவதே முறை. காலையா இரவா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எந்த நேரம் மறக்காதோ அந்த நேரம்.

வீட்டில் பிரஷர் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பள்ளியிலிருந்து வந்து பையை வைத்த கையோடு பட்டையைச் சுற்றக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. காலையில் மாத்திரைக்கு முன் ஒருமுறை, இரவில் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-க்கு மேலே சராசரி நின்றால் அது அதிகம்தான். டாக்டருக்கு உங்கள் ஒற்றை எண்ணைவிட அந்த நோட்டுப் பக்கம் பத்து மடங்கு உதவும்.

உள்சுவரும் 1,800 ரூபாயும்

பொடி விற்றவர் சொன்னதில் பாதி சரி. ரத்தக் குழாயின் உள்சுவர் என்று ஒன்று இருக்கிறது, பிரஷரில் அதற்குப் பெரிய பங்கும் இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். ஒரே ஒரு அடுக்குச் செல்கள், அவ்வளவுதான். வெறும் உள்பூச்சு என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை உடைத்ததும் ஒரு தற்செயல்தான். நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளில் மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1978-இல் அவருடைய உதவியாளர் ஒரு சோதனையின் படிகளை வரிசை மாற்றிச் செய்துவிட்டார். சுருங்க வேண்டிய துண்டு விரிந்தது. துருவிப் பார்த்ததில், துண்டைத் தயாரிக்கும்போது உட்புறம் உரசி அந்த ஒற்றை அடுக்கு போய்விட்டால் அசிட்டைல்கோலின் என்ற பொருள் தமனியைச் சுருக்குகிறது, அடுக்கு பத்திரமாக இருந்தால் விரிக்கிறது என்று தெரிந்தது. 1980-இல் வெளியிட்டார். உள்சுவர் ஏதோ ஒன்றை அனுப்பித் தசையைத் தளர்த்துகிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது சில வருடத்தில் உறுதியானது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தவளை இதயத்துக்கு ஒரு உதவியாளர், முயல் தமனிக்கு ஒரு உதவியாளர். சொன்னபடி செய்யாத உதவியாளர்களுக்கும் ஒரு பரிசு வைத்திருக்கலாம்.

இனி உங்கள் மாத்திரையையும் இந்தச் சுவரையும் சேர்த்துப் பாருங்கள். உள்சுவர் விடும் வாயு சில நொடிகளே வாழும். அதற்குள் பக்கத்துத் தசைச் செல்லுக்குள் போய், அங்கே கால்சியத்தைக் குறைக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. வாசல் வழி வரத்தையும் குறைக்கும், வந்ததை வெளியேற்றவும் செய்யும். மாத்திரை வாசலில் உட்கார்ந்து செய்வதை உங்கள் சொந்தச் சுவர் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. அதே சுவர் எண்டோதீலின் என்ற சுருக்கும் பொருளையும் விடும். ஜப்பானியர்கள் 1988-இல் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வயது, சர்க்கரை, புகை, உப்பு, கூடவே ஏறிப்போன பிரஷரே கூடச் சுவரை நசுக்குகிறது. விரிக்கும் வாயு குறைகிறது. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இந்த வாயுவை ஊக்குவித்துக்கொண்டிருக்கும். மாதவிலக்கு நிற்கும்போது அந்தத் துணை போய்விடுகிறது. நாற்பத்தைந்துவரை ஒரு பிரச்சினையும் இல்லை, திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்களே, பதிலில் ஒரு பங்கு இது.

பொடிக்கு வருகிறேன். டப்பாவில் எழுதியிருந்ததாக நீங்கள் அனுப்பிய பெயர்களில் முதலாவது எல்-அர்ஜினின். நைட்ரிக் ஆக்சைடு செய்ய உடம்புக்கு வேண்டிய மூலப்பொருள் அதுதான். மூலப்பொருளைக் கொட்டினால் சரக்கு கூடும் என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் உடம்பில் அது பொதுவாகவே தேவைக்கு மேல் இருக்கிறது. குறை கச்சாப்பொருளில் இல்லை, பழுதான பட்டறையில். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஆறு மாதத்தில் அர்ஜினின் எடுத்த பிரிவில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் ஒருவரும் இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். உங்களுக்கு மாரடைப்பு வந்ததில்லை, அந்த ஆபத்து அப்படியே உங்களுக்கு வரும் என்று சொல்லவில்லை. ‘இயற்கைப் பொருள்தானே, கெடுதல் செய்யாது’ என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன்.

பீட்ரூட் பரவாயில்லையா என்றால், பரவாயில்லை. பீட்ரூட்டிலும் முளைக்கீரை, பாலக்கீரை போன்றவற்றிலும் நைட்ரேட் இருக்கிறது. நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மாற்றித் தர, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது. பிரஷர் சில புள்ளிகள் இறங்கும். தினமும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியா செத்து, பலனும் போய்விடும். கீரை மாத்திரைக்கு மாற்று ஆகாது, மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாம். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம், அது பீட்ரூட்.

இந்துப்பு விஷயத்தில் ஏமாந்திருக்கிறீர்கள். அதுவும் பெருமளவு சோடியம் குளோரைடுதான், போதாததற்கு அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள். நிறம் மாறினால் சோடியம் மாறாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடைச் சட்னி எல்லாம் சேர்த்து. பொட்டாசியம் கலந்த ‘குறை சோடிய உப்பு’ பலருக்கு நல்லதுதான். ஆனால் டெல்மிசார்ட்டன் போன்ற மருந்து சேர்க்கப்போகிறார்கள் என்றால் கேட்காமல் வாங்காதீர்கள், இரண்டும் பொட்டாசியத்தை ஏற்றும்.

உள்சுவரைத் திருத்தும் சிறந்த வழி நடைதான். வேகமாக நடக்கும்போது ரத்தம் சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலே வாயுவை விடச் சொல்லும் கட்டளை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி. பள்ளியில் நிற்பது நடையில் சேராது. வீக்கத்துக்கு, இடைவேளையில் பத்து நிமிடம் கால்களை எதிர் நாற்காலியில் தூக்கி வையுங்கள், கெண்டைக்காலைச் சுருக்கி விரியுங்கள்.

அப்புறம், உங்கள் கணவர். “அவர் பிடிக்கிறார், எனக்கென்ன” என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அடுத்தவர் புகை சூழ்ந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர்களின் இதயத் தமனி விரியும் திறன் குறைவதை, ஜப்பானில் புகைக்காத ஆட்களிடமே அளந்து காட்டியிருக்கிறார்கள். 10 மி.கி. மாத்திரை விரிக்கிற அதே குழாயை அவர் சிகரெட் இன்னொரு பக்கம் இறுக்குகிறது. இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் காட்டுங்கள். உடனே விட முடியாது என்றால் வாசலைத் தாண்டிப் போய்ப் பிடிக்கட்டும். மகள் பிரசவத்துக்கு வருவதற்குள்ளாவது வீட்டுக்குள் புகை நிற்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

இன்றிரவிலிருந்து மாத்திரையைத் தினமும் போடுங்கள், 10 மி.கி.-யே இருக்கட்டும். வீக்கம் தொல்லைதான், ஆபத்தில்லை. இந்த வாரமே நேரம் வாங்குங்கள். ஒரு வார அளவுகள் எழுதிய நோட்டு, எலும்பு மாத்திரையின் அட்டை, பொடி டப்பா, கொழுப்பு மாத்திரை எடுத்தால் அதன் பெயர் (சிம்வாஸ்டாட்டின் என்றால் ஆம்லோடிபினோடு 20 மி.கி.-க்கு மேல் கூடாது), நான் சொன்ன மூன்று சோதனை முடிவு, எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். இடையில் மாத்திரை நிறுத்தியதையும் தண்ணி மாத்திரை போட்டதையும் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று நோயாளிகள் மறைப்பதால்தான் நாங்கள் தப்பான அளவை எழுதுகிறோம்.

அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: “சார், 10 போட்டதிலிருந்து கால் வீங்குகிறது. இதை 5 ஆக்கி, இன்னொரு மருந்து சேர்க்கலாமா?” சாயங்காலமாகப் போங்கள். காலையில் போனால் வீக்கம் வடிந்திருக்கும், அவர் கணுக்காலை அமுக்கிப் பார்த்தாலும் குழி விழாது.